முதல் குறையாக் கொடை

ஒரு வட்டாரத்து மக்கள் பலர் தரும் சிறிதும் பெரிதுமான கொடைகளை ஒரே நிதியாகத் திரட்டி, முதலைத் தொடாமல் வைத்து, அதன் வருவாயை உள்ளூர்க் குழுவொன்றின் முடிவுப்படி அவ்வட்டாரத் தேவைகளுக்கு வழங்கும் அமைப்பு சமூக அறக்கட்டளை எனப்படும். 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் காஃப் நிறுவியதே இவ்வகையில் முதலாவது என்பர். ஆயினும், முதலை அழிக்காமல் அறம் நடத்தும் முறை, கங்கைகொண்ட சோழபுரத்தையும் பழுவூரையும் தன்னகத்தே கொண்ட அரியலூர் மாவட்டத்திற்குப் புதியதன்று.

சோழர் காலத்தில் நந்தாவிளக்கு எரிக்க விடப்பட்ட 90 அல்லது 96 ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. இறப்பதையும் மூப்பதையும் குட்டிகளால் ஈடுசெய்து, பெற்றுக்கொண்டவர் எண்ணிக்கையைக் காத்துவர வேண்டும். காசாக வந்த கொடையை ஊர்ச்சபையார் ஏற்று, ஆண்டுதோறும் பொலிசை, அதாவது வட்டி, செலுத்தினர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இது காசொன்றுக்கு அரைக்கால் காசு, இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. முதலுக்கு இவ்வளவு காப்பிருந்தும், விளக்குக்கு வைத்ததை வேறொன்றுக்கு மாற்ற வழியில்லை. காலம் மாறியபின் பயனற்றுப்போன நோக்கத்தைக் குழுவே மாற்றிக்கொள்ளலாம் என்று விதித்ததுதான் காஃப் செய்த புதுமை.

அரியலூரிலும் அண்டை மாவட்டமான பெரம்பலூரிலும் இன்று கொடையாளருக்கு எளிதில் வாய்க்கும் வழிகள் பெரும்பாலும் அரசைச் சார்ந்தவை. 1997-98இல் தொடங்கி 2021-22இல் புதுப்பிக்கப்பட்ட 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாகப் பணியின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த, எஞ்சியதை அரசு ஏற்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக, வெளிநாட்டில் வேலை பார்ப்பவரும் தாம் படித்த அரசுப் பள்ளியைத் தேர்ந்து உதவலாம். 2015இல் சட்டமான மாவட்டக் கனிம அறக்கட்டளை, பெயரில் அறக்கட்டளையே எனினும், சுரங்கக் குத்தகைதாரர் உரிமத்தொகையின் மேல் 10 அல்லது 30 விழுக்காடு கட்டாயமாகச் செலுத்துவதால் கொடையாகாது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் மிகுந்த அரியலூரில் கொடையளிப்பவர், ஒரே பணிக்கு இருமுறை செலவாகாதிருக்க, எப்பணிகளை அந்நிதி ஏற்றுள்ளது என்று கேட்டறிவது நல்லது.

இவ்வழிகளில் வகுப்பறையும் சுற்றுச்சுவரும் எழும்பிவிடுகின்றன, திறப்பு விழாவும் நடந்துவிடுகிறது. ஆண்டுதோறும் வேண்டிய பராமரிப்புக்குத்தான் கொடையாளர் கிடைப்பதில்லை. பள்ளிக் கழிப்பறையின் தூய்மைப் பணியும், நூலகத்திற்கு நூல் வாங்குவதும், ஏரி மதகைப் பழுதுபார்ப்பதும், முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் மூலநிதியால் மட்டுமே தடையின்றி நடக்கக்கூடியவை. 10 லட்சம் ரூபாயை 6 விழுக்காடு வட்டிக்கு வைத்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வரும். அதையும் முழுவதும் செலவிட்டால் விலையேற்றத்தில் முதலின் மதிப்புத் தேய்ந்துவிடுமாதலால், ஒரு பகுதியை முதலோடு சேர்ப்பதே முறை.

பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத் தருவோர், தொகை மூலநிதிக்கே உரியது என்பதை எழுத்தில் குறிப்பிட வேண்டும். இல்லையெனில் அது அவ்வாண்டின் வருவாயோடு சேர்ந்து செலவாகிவிடக்கூடும். 80ஜி எனப் பரவலாக அறியப்பட்ட வரிச்சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கே உண்டு என்பதும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்திற்கும் பொருளாகத் தருவதற்கும் அது பொருந்தாது என்பதும் பலர் கவனிக்கத் தவறுபவை.