மூச்சுத் திணறலுக்குத் துப்புத் துலக்குவோம்

ஸ்பெயின் நாட்டில் கடலை ஒட்டி அமைந்த பெருநகரம் பார்சிலோனா. 1981 முதல் 1987 வரை அந்நகரத்தில் ஒரு விந்தையான துயரம் தொடர்ந்து நிகழ்ந்தது. சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும், சில மணி நேரத்துக்குள், ஆஸ்துமா நோயாளிகள் மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் வந்து குவிந்தனர். உயிரிழந்தவர்களும் உண்டு. பிறகு நகரம் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடும். காரணம் ஆலைப் புகையா? மோட்டார் வண்டிப் புகையா? காற்றை அளந்து பார்த்தும் விடை கிடைக்கவில்லை.

ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நோய் கண்டவர்கள் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் துறைமுகத்துக்கு அருகில் திரண்டு நின்றன! உடனே துறைமுகத்தின் சரக்குப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அத்தகைய 13 நாட்களிலும் அங்கே சோயா மொச்சை இறக்கப்பட்டிருந்தது. சேமிப்புக் கிடங்கு ஒன்றில் தூசு வடிகட்டி இல்லை. அங்கிருந்து கிளம்பிய மொச்சைத் தூசை மெல்லிய காற்று நகருக்குள் சுமந்து சென்றிருக்கிறது. வடிகட்டிகளைப் பொருத்தித் தூசைக் கட்டுப்படுத்திய பின் அந்தத் துயரம் ஓய்ந்தது.

மாணவர்களே, ஆஸ்துமாவைத் தூண்டும் பொருள் எது என்பதை ஊகத்தால் அறிய முடியாது. குறித்துவைத்து, ஒப்பிட்டுப் பார்த்தே அறிய வேண்டும். இதுவே இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழல்கள் எளிதில் சீற்றமடையும் இயல்புடையவை. தூண்டும் பொருள் பட்டதும் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சுரந்து வழியை அடைக்கிறது. நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே ஒரு கணக்கைச் சொல்கிறேன். மெல்லிய குழாயில் சீராகப் பாயும் காற்றுக்கு ஏற்படும் தடை, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் தடை இரு மடங்கு ஆவதில்லை, 16 மடங்காகிறது! உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன் சீழ்க்கைபோல் ஒலியெழ மூச்சுவிட்டால், அவன் பாசாங்கு செய்வதாக எண்ணாதீர்கள்.

அவனுக்குப் பகையானவை எவை? முதலாவது, வீட்டுத் தூசில் வாழும் நுண்ணிய உண்ணி. இதன் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளே இதற்கு உணவு. இது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே மெத்தையும் தலையணையும் இதற்கு மாளிகைகள்! ஒவ்வாமையைத் தருவது பெரும்பாலும் இதன் எச்சம். எச்சத் துகளின் விட்டம் சுமார் 20 மைக்ரான். அசையாத காற்றில் அது நொடிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். 2 மைக்ரான் துகளோ மூன்று மணி நேரத்துக்கு மேல் மிதக்கும்! புகைத் துகள்கள் இதைவிடவும் சிறியவை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? படுக்கையை உதறும்போதும் வீட்டைப் பெருக்கும்போதும் ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்கலாகாது. தரையை ஈரத் துணியால் துடைப்பது நல்லது. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணிகள் மடியும். புகையோ, பெருக்கித் தள்ளிவிடக்கூடியது அன்று. அது பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுக்க வேண்டும். பீடி, சிகரெட், கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, விறகடுப்பு, பட்டாசு ஆகிய அனைத்தும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

கரப்பான் பூச்சி, மழைக்காலத்தில் சுவரில் படரும் பூஞ்சை, பூனை, மகரந்தம், குளிர்ந்த காற்று ஆகியவையும் சிலருக்குப் பகை. சிறுவர்களுக்குச் சளிக் காய்ச்சலும் முக்கியத் தூண்டுகோல். ஆனால் எல்லோருக்கும் எல்லாமே பகை அல்ல. வாழைப்பழத்தையும் தயிரையும் காரணமின்றி விலக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். திணறல் வந்த நாள், நேரம், இடம், அதற்கு முன் செய்த வேலை, அன்றைய வானிலை ஆகியவற்றைக் குறியுங்கள். சில வாரங்களில் ஓர் ஒழுங்கு புலப்படலாம். அதை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தை உறிஞ்சும் கருவி பழக்க அடிமையாக்கும் என்பது வீண் அச்சம்.

ஓடினால் இளைக்கிறது என்று விளையாட்டையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சி ஆஸ்துமா உள்ளவர். 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். மருத்துவரின் யோசனைப்படி நடந்தால் நீங்களும் ஓடலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமல் தோழன் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மருந்தை உறிஞ்சியும் தணியாவிட்டாலோ, அவனைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், ஆசிரியரிடம் ஓடிச் சொல்லி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தில் அவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் விலை மதிப்பற்றது.