உறைபனியைப் பயிர் எப்படித் தாங்குகிறது?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் உறையாது. நம்ம வீடுகளில் எல்லாரும் பார்த்ததுதான். ஊட்டியில் உறைபனி விழும் இரவில் ஒரு செடி பிழைக்குமா, கருகுமா என்பதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் தலத்தெருவில் உறைபனி கிடையாது. கடல் பக்கத்தில் இருப்பதால் மார்கழி இரவும் இதமாகவே கழியும். ஆனால் வங்கி வேலையில் சில ஆண்டுகள் நீலகிரியில் இருந்தேன். பயிர்க்கடன் விஷயமாகத் தோட்டங்களுக்குப் போவேன். உறைபனி விழுந்த மறுநாள் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துக் கிடக்கும். பக்கத்துப் பாத்தியில் கேரட்டும் முட்டைக்கோசும் நிமிர்ந்து நிற்கும். ஒரே இரவு, ஒரே குளிர். ஏன் இப்படி?

பயிரின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அது இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்துக்கொள்வது அதுதான். அந்த வேலை நடக்க, சவ்வு இளக்கமாக இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. நேரான விறகு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கட்டியாகிவிடும். நல்லெண்ணெயில் பெரும்பாலும் நிறைவுறாத கொழுப்பு. அது கோணல் விறகு. இடைவெளி விட்டே கிடக்கும், சீக்கிரம் இறுகாது. சவ்வுக்கும் இதே கணக்குதான். 13 டிகிரிக்குக் கீழே வைத்த வாழைப்பழம் தோல் கறுப்பதும் சவ்வு கெட்டுக் கசிவதால்தான். 1992-ல் ஜப்பானில் நோரியோ முராடா குழுவினர் புகையிலைச் செடியின் சவ்வுக் கொழுப்பை மாற்றி, அதனால் குளிர் தாங்கும் திறன் மாறுவதைக் காட்டினார்கள்.

உறைபனியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐஸ் முதலில் செல்லுக்கு வெளியே உள்ள இடைவெளியில் உருவாகும். அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். செல் வற்றிச் சுருங்கும். சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதையும். ஆக, உறைபனி என்பது பயிருக்கு ஒருவகை வறட்சிதான்.

இதைத் தாங்கும் பயிர்கள் முன்கூட்டியே தயாராகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் இரவுக் குளிர் மெல்ல ஏறும்போதே, செடியின் நொதிகள் சவ்வில் நிறைவுறாத கொழுப்பைக் கூட்டும். செல்லில் சர்க்கரையும் சேரும். அது வற்றிய சவ்வைக் காக்கும். குளிரில் விளைந்த கேரட் இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தத் தயாரிப்புக்குச் சில நாட்களாவது வேண்டும். நாம் பயிரிடும் உருளைக்கு இந்தத் திறமை மிகக் குறைவு. கேரட்டே ஆனாலும், வெதுவெதுப்பான நாட்களுக்குப் பிறகு திடீரென்று உறைபனி வந்தால் தடுமாறும்.

மலையில் பயிர் வைக்கும் நண்பர்கள் இதிலிருந்து சில விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். பனிக்கு முதல் நாள் சாயங்காலம் எதையாவது தெளித்து இந்தத் தாங்குதிறனை வரவழைக்க முடியாது. அதற்குக் காசு செலவழிக்காதீங்க. சமவெளியில் நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை நேராக மலையில் நடாமல், ஒரு வாரமாவது திறந்தவெளியில், தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைத்துப் பழக்குங்க. பனிக்காலம் நெருங்கும்போது மீன் அமிலம் போன்ற தழைச்சத்துக் கரைசலைக் குறையுங்க. இளந்தளிர்தான் முதலில் கருகும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால் உருளையையும் பீன்ஸையும் சரிவில் வையுங்க.

மூடாக்கு பற்றி ஒரு வார்த்தை. நாம் மூடாக்கை விரும்புகிறவர்கள்தான். ஆனால் உறைபனி இரவில் தரையில் கிடக்கும் வைக்கோல், மண்ணின் வெப்பம் செடிக்கு வராமல் தடுத்துவிடும். அன்றைக்கு வைக்கோலைச் செடியின் மேல் போர்த்துங்க, காலையில் எடுத்துடுங்க. பகலிலேயே மண்ணை நனைத்து வைத்தால், ஈரமண் பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும்.

பனிக்குத் தப்பிய செடிகளை அடையாளம் கட்டி வைத்து, விதைக்கு விடுங்க. கடையில் வாங்கும் விதைக்கு உங்கள் தோட்டத்துப் பனி தெரியாது.