சொல் பிறக்கும் இடம்

நண்பர்களே, ‘தமிழ்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நுனிநா மேற்பல்லின் அடியைத் தொட்டு விலகுகிறது, குரல்வளை அதிர்கிறது, இதழ்கள் மூடுகின்றன, அக்கணமே மூச்சு மூக்கின் வழியே திரும்புகிறது, பின்னர் நா வளைந்து நின்று ழகரத்தை ஒலிக்கிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகின்றன! தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டும் கூடியே எழுத்தொலி பிறக்கிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். இவற்றையெல்லாம் ஒழுங்குபட ஏவுவது எது? இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியது நூலன்று. என் பாட்டனாரின் நோய்.

நான் பள்ளியில் பயின்ற காலம். ஒரு மாலையில், திண்ணையில் பேசிக்கொண்டிருந்த பாட்டனாரின் சொற்கள் திடீரெனக் குழறின. வலக்கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. ‘களைப்பாக இருக்கும், விடியட்டும்’ என்று இருந்துவிட்டோம். விடிந்தபோது வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. வாயிலிருந்து வந்தது ஒரே சொல், ‘சரி’. பசிக்கிறதா என்றாலும் ‘சரி’. வலிக்கிறதா என்றாலும் ‘சரி’. அவருக்கு அறிவே கலங்கிவிட்டது என்று உறவினர் முடிவு கட்டினர். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினர்.

ஒரு நாள் பெரியப்பா கேட்டார்: “அப்பா, ஆற்றங்கரை வயலை விற்றுவிடலாமா?” பாட்டனார் ‘சரி, சரி’ என்றார், ஆனால் இடக்கையால் கட்டிலை ஓங்கி அடித்தார். கண்களில் நீர் வழிந்தது. “வேண்டாம் என்கிறாரடா, அவர் கண்ணைப் பார்” என்றார் பாட்டியார். வயல் தப்பியது. பாட்டியார் கண்டது உண்மை என்பதைப் பின்னாளில் உடலியல் பயின்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

1861-ஆம் ஆண்டு, பாரிசு நகரையடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்னும் நோயாளி இருந்தார். 21 ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து ‘தான், தான்’ என்னும் ஒலியே பெரும்பாலும் வந்தது. அவருக்கும் வலப்பக்கம் செயலிழந்திருந்தது. ஆயினும் பிறர் கூறுவது விளங்கிற்று. எண்களைக் கேட்டால் இடக்கை விரல்களால் விடையிறுத்தார். அவர் இறந்தபின் பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்பகுதியில் சிதைவு இருக்கக் கண்டார். இடமூளையே வலக்கையை இயக்குவது. மக்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பேச்சும் அப்பக்கத்தைச் சார்ந்ததே. கையும் சொல்லும் ஒருங்கே வீழ்ந்ததன் காரணம் இதுவே. 1874-இல் கார்ல் வெர்னிக்கே என்பார் இதற்கு மாறான நிலையை விளக்கினார்: இடமூளையின் பின்பகுதி சிதைந்தோர் தங்கு தடையின்றிப் பேசுவர், ஆனால் பேச்சில் பொருள் இராது, பிறர் சொல்வதும் நன்கு விளங்காது.

அப்படியானால் புரோக்கா கண்ட இடம் நாவை அசைக்கும் இடமா? அன்று. என் பாட்டனார் சோற்றை மென்று விழுங்கினார், நாவில் வலுவிருந்தது. மாண்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் மருத்துவர், நோயாளிகள் விழித்திருக்கையிலேயே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தீண்டிப் பார்த்தார். மூளைக்குத் தனக்கென வலியுணர்வு இல்லையாதலின் இது இயன்றது. ஓரிடத்தைத் தீண்டினால் கட்டைவிரல் அசைந்தது. மற்றோரிடத்தைத் தீண்டினால் இதழ் துடித்தது. அவ்வியக்கப் பகுதியில் முதுகும் வயிறும் சிறிதளவே இடம்பெற, கையும் இதழும் நாவும் பேரிடம் பெற்றிருந்தன. வியப்பு யாதெனில், மின்னோட்டத்தால் குரலொலி எழுந்ததே அன்றி ஒரு சொல்லேனும் பிறக்கவில்லை! சொல்லுக்குத் தசையை அசைத்தல் போதாது. அசைவுகளை நிரல்படக் கோத்தல் வேண்டும்.

வீணை வாசிப்பவரின் விரல்களைப் பாருங்கள். ஒரு விரல் தந்தியைத் தொட்ட செய்தி மூளைக்கு எட்டி, அதன்பின் அடுத்த விரலுக்கு ஆணை வருவதென்றால் விரைந்த காலத்தில் வாசிக்கவே இயலாது. ஆகவே அசைவுகளின் வரிசை முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்று 1951-இல் கார்ல் லாஷ்லி எடுத்துக்காட்டினார். பேச்சும் அத்தகையதே. மூளையின் முன்பகுதி வரிசையை வகுக்கிறது. இயக்கப்பகுதி தசைகளை ஏவுகிறது. பின்தலையிலுள்ள சிறுமூளை காலத்தையும் அளவையும் திருத்துகிறது. மது அருந்தியவனின் நடையும் நாவும் ஒருங்கே தள்ளாடுவது சிறுமூளை மயங்குவதாலேயே. நாம் இங்கு வந்த புதிதில் கடைத்தெருவில் இந்தி பேச நா தடுமாறியதும், இன்று அது தானே ஓடுவதும், பழக்கத்தால் புதிய வரிசைகள் மூளையில் பதிந்தமையாலன்றோ?

இவ்வேலைகளை ஒவ்வோர் அறையில் பூட்டிவைத்தாற்போல் எண்ணுதல் தகாது. லெபோர்னின் மூளையை 2007-இல் புதிய கருவிகளால் படமெடுத்தபோது, சிதைவு புரோக்கா கண்டதினும் ஆழமாக, இணைப்பு நரம்புகள் வரை சென்றிருந்தது தெரியவந்தது. பேச்சு ஓரிடத்தின் தொழிலன்று; பல இடங்களின் கூட்டுறவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தியில் பாட்டியார் விளக்கேற்றித் தேவாரம் பாடத் தொடங்கினால், ‘சரி’யன்றி வேறு சொல்லறியாத பாட்டனாரும் உடன் பாடுவார், சொல் பிறழாது! இசைக்கும், நெடுநாள் மனப்பாடமாகியவற்றுக்கும் வலமூளையும் பெரிதும் துணைநிற்கிறது. 1970-களில் பாஸ்டன் நகர மருத்துவர்கள் இதனைக் கொண்டே இசைவழிப் பேச்சுப் பயிற்சியை வகுத்தனர். எங்கள் வீட்டில் அதை அறிந்தார் எவருமிலர்.

நண்பர்களே, நாம் பெற்றோரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்கிறோம். அவர்கள் குரலையே நாள்தோறும் கேட்கிறோம். தொலைபேசியில் அக்குரல் திடீரெனக் குழறினால், ‘தூங்குங்கள், காலையில் பேசுவோம்’ என்று வைத்துவிடாதீர்கள். முகம் ஒருபுறம் கோணியிருக்கிறதா, இரு கைகளையும் உயர்த்த முடிகிறதா என்று உடனிருப்போரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தாலே 108-ஐ அழைக்கச் செய்யுங்கள். குருதிக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். நாங்கள் ஓர் இரவை இழந்தோம்.

சொல் இழந்த ஒருவர் எதிரே நீங்கள் அமர நேர்ந்தால், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே கொண்டு பேசுங்கள். விடைக்குக் காத்திருங்கள், வாயை மட்டுமன்றிக் கையையும் கண்ணையும் பாருங்கள். என் பாட்டியார் செய்தது அதுவே.