செண்பகத்தோப்பு அடிவாரத்தில் ஒரு பல்லாங்குழி: மரப் பரிசு செய்யக் காட்டுக் கட்டை எடுக்கலாமா?

பாட்டிக்கு ஒரு பல்லாங்குழி, அக்கா குழந்தைக்கு ஒரு நடைவண்டி, அம்மாவின் சமையலறைக்கு ஒரு மரக்கரண்டி. மரவேலையில் புதிதாக இறங்குகிறவர்களின் ஆசைப் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வீடியோ பார்த்து உளியும் ரம்பமும் வாங்கியாச்சு. கட்டைக்கு எங்கே போவது? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் இருப்பவர்களின் கண் தானாகவே மேற்கே மலையைப் பார்க்கும். செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் காய்ந்த கொம்புகள். ‘கீழ விழுந்து கிடக்கிறதுதானே, எடுத்தா என்ன?’ என்று தோன்றும்.

எடுக்கக் கூடாது.

காய்ந்த கொம்புக்கும் சட்டமா?

செண்பகத்தோப்பை ஒட்டிய காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நாட்டில் 51-வது, தமிழகத்தில் 5-வது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, சரணாலயத்தில் இருந்து வன விளைபொருள் எதையும் அனுமதி இல்லாமல் எடுத்துப்போவதைத் தடுக்கிறது. பச்சை மரம், காய்ந்த மரம் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் என்று போகும். ஒரு கரண்டிக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டாமே!

‘மலையில இருக்கிற பளியர் மக்கள் தேன் எடுக்கிறாங்களே?’ என்று கேட்பவர்களும் உண்டு. அது வேறு. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டையே வாழ்விடமாகக் கொண்ட மக்களுக்குத் தேன், மெழுகு போன்ற சிறு வனப்பொருட்கள் மீது உரிமை தருகிறது. வெட்டுமரம் அந்தப் பட்டியலில் அவர்களுக்குமே இல்லை.

சட்டத்தை விடுங்கள். சாம்பல் நிற அணில் தரையில் இறங்கி நடமாட விரும்பாத பிராணி. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டி, மரத்துக்கு மரம் தாவியே வாழும். காட்டோடு நிற்காமல் அடிவாரத்து மாந்தோப்புக்கும் புளிய மரத்துக்கும் வந்துபோகும். அதனால் சொந்தத் தோப்பில் மரம் வெட்டுகிறவர்கள்கூட முதலில் உச்சிக் கிளையில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் எந்த மரம்?

இந்தப் பகுதிக்குக் கைகொடுப்பது மா. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் ஊர் இது. காய்ப்பு ஓய்ந்த பழைய மரங்கள் வெட்டப்படும்போது அடிக்கட்டை வாள்பட்டறைக்குத்தான் போகும். துண்டுக் கட்டைகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். மா ரொம்பக் கடினமும் இல்லை, ரொம்ப மெதுவும் இல்லை. புதுக் கைக்கு ஏற்றது. பூவரசும் வேம்பும்கூட நல்லவைதான், உளி கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். சந்தனம், ஈட்டி, செம்மரம் பக்கமே போக வேண்டாம். எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். மலையடிவாரத்தில் கட்டையோடு வரும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் அந்தச் சீட்டுதான் பேசும்.

மாவுக்கு இரண்டு குணக்கேடு. பச்சையாக இருக்கும்போது பால் பட்டால் சிலருக்குத் தோல் பொரிந்துவிடும், தூளும் ஒத்துக்கொள்ளாது. முகக்கவசம் கட்டாயம். இரண்டாவது, உளுத்துப்போகும். சின்னச் சின்ன ஓட்டைகளும் மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் அந்தக் கட்டையைத் தொடாதீர்கள்.

பச்சைக் கட்டை ஏன் ஆகாது?

புதியவர்களின் பரிசு கெட்டுப்போவது பெரும்பாலும் உளியால் அல்ல, ஈரத்தால். மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அகலவாக்கில் நன்றாகச் சுருங்கும். இந்த ஏறுக்குமாறால்தான் பலகை வளைகிறது, வெடிக்கிறது. பச்சை மரத்தில் செதுக்கிய பல்லாங்குழி பொங்கலுக்குப் பாட்டி கைக்குப் போய், சித்திரை வெயிலில் நடுவே பிளந்து நிற்கும்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், அதைவிடச் சீக்கிரம் வெடிக்கும். பலகைகளுக்கு இடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். வெட்டுமுகம் இரண்டிலும் உருக்கிய மெழுகைப் பூசுங்கள், ஈரம் முதலில் ஓடுவது அந்த வழியாகத்தான். காய்ந்ததா என்று அறியக் கருவி வேண்டாம். மாதம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துச் சுவரில் எழுதிவையுங்கள். எடை குறைவது நின்றால் கட்டை தயார்.

இவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்களுக்குப் பழைய மரக்கடை இருக்கிறது. இடித்த வீட்டின் நிலைச்சட்டம் பல வருஷம் காய்ந்து முடித்த மரம். ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். பழைய பெயின்ட் இருந்தால் வாங்காமல் விடுவதே புத்தி. அதில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டால் தூளாக நெஞ்சுக்குள் போகும். ஆலைகளில் இருந்து வரும் பேக்கிங் பெட்டிப் பலகை என்றால் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம்.

முதலில் எதைச் செய்வது?

நடைவண்டி இப்போது வேண்டாம். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை முழு எடையையும் அதன்மேல் போடும். சக்கரமும் இணைப்பும் பிசகக் கூடாது. மத்தும் பூரிக்கட்டையும் கடைசல் பட்டறை வேலை. அஞ்சறைப் பெட்டிக்கு மூலை சேர்ப்பது ஆசாரிகளுக்கே பொறுமையைச் சோதிக்கும்.

பல்லாங்குழிதான் சரி. ஒரே பலகை, இணைப்பே கிடையாது. வரிசைக்கு 7, மொத்தம் 14 குழி. ஒரு குழி தப்பினாலும் மீதி 13-ல் கை பழகிவிடும். குழிக்கு 5 செ.மீ. அகலம், இடைவெளி 1 செ.மீ., ஓரத்தில் 2 செ.மீ. விட்டால் 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலப் பலகை போதும். கனம் 3 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். நிலைச்சட்டம் அவ்வளவு அகலம் இல்லையென்றால் குழியைச் சற்றுச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

எல்லாக் குழியும் ஒரே ஆழம் வர ஒரு வழி இருக்கிறது. துளைக்கும் பிட்டில் நுனியில் இருந்து 1.5 செ.மீ. தள்ளி டேப்பைச் சுற்றுங்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் டேப் தொடும்வரை ஒரு துளை போடுங்கள். பிறகு குழி உளியால் விளிம்பில் இருந்து நடுவை நோக்கி, மேட்டில் இருந்து பள்ளத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். துளையின் அடி மறையும் இடத்தில் நிறுத்திவிடலாம். எதிர்த்திசையில் சீவினால் நார் பிய்ந்து வரும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் உளி தள்ளுவதுதான் ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழி. உப்புத்தாளை 80-ல் தொடங்கி 120, 220 என்று போங்கள்.

கடைசியில் என்ன பூசுவது?

தேங்காய் எண்ணெய் காயாது. நாளடைவில் சிக்கு வாடை வரும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு எடுத்து வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கித் தேய்த்தால் போதும். கரண்டிக்கும் இதுவே. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவிடுங்கள்.

குழந்தைச் சாமானுக்கு நிறம் வேண்டுமென்றால் புது டப்பா வாங்குங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை பெயின்ட்டுக்கு அது பொருந்தாது. லாரிக்கு அடித்து மிஞ்சியது பொம்மைக்கு ஆகவே ஆகாது. சென்னப்பட்டணத்துப் பொம்மைகளில் பளபளப்பது பெயின்ட் அல்ல, அரக்கு. அவற்றுக்கான மரம் நம்மூர் வெப்பாலைதான்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், சுமார் 3 செ.மீ. வளையத்துக்குள் நுழையும் எதுவும் தொண்டையில் அடைக்கலாம். பல்லாங்குழிக் காய்களை உயரத்தில் வையுங்கள். காயாகப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணி போடாதீர்கள். கடித்து விழுங்கினால் அது உயிருக்கே ஆபத்தான விஷம்.