குருதி உறையா மருந்தும் இரைப்பை அறுவையும்

செம்பனைக் குலைகளைக் கொறிக்கும் எலிகளைக் கொல்ல மலேசியத் தோட்டங்களில் வைக்கப்பட்ட நஞ்சுகளுள் வார்ஃபரின் ஒன்று. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா முதலிய வடசிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளில் இன்று அதே பொருளை இதய நோய்க்கு மருந்தாக உண்போரும் உளர். நஞ்சு மருந்தானது எவ்வாறு?

1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதி நில்லாமல் மடிந்தன. அதன் காரணத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் ஆராய்ந்ததன் பயனே வார்ஃபரின். 1948இல் எலி நஞ்சாகவும், 1954இல் அமெரிக்காவில் மனிதர்க்குரிய மருந்தாகவும் அது வந்தது.

குருதி உறைய ‘கே’ உயிர்ச்சத்து வேண்டும். கல்லீரலில் அதன் வேலையை இம்மருந்து தடுக்கிறது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டோர் இதனை வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டும். குறைந்தால் குருதி கட்டி, மூளையை அடைந்து பக்கவாதம் வரலாம். மிகுந்தால் குருதி ஒழுகும். ஆதலின் ஐ.என்.ஆர். என்னும் சோதனை எண்ணைப் பெரும்பாலோர்க்கு 2க்கும் 3க்கும் இடையில் நிறுத்துவர்.

2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோர் இருவரில் ஒருவர் மிகை எடையினர்; இந்தியரிடையே இது மேலும் மிகுதி. ஆகவே எடைகுறைப்பு அறுவையை நம்மவர் நாடுவது இயல்பே. ஆயின் இம்மருந்தை உண்போர் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, வார்ஃபரினை அறுவைக்குச் சுமார் 5 நாட்களுக்கு முன் நிறுத்துவது வழக்கம். வால்வு உடையோர்க்கு இடைக்காலத்தில் ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம். மருத்துவர் சொல்லாமல் தாமே நிறுத்தலாகாது.

இரண்டாவது, அறுவைக்குப் பின் உணவு மிகச் சுருங்கும். முருங்கைக்கீரை போன்ற ‘கே’ சத்துள்ள உணவு குறையவே, பழைய அளவு மாத்திரையே மிகையாகிவிடும். சில மாதங்களில் உணவு பெருகினால் மருந்தும் மீண்டும் கூட்டப்படலாம். எனவே முதல் வாரங்களில் அடிக்கடிச் சோதனை இன்றியமையாதது. புதுவகை மருந்துகள் சில இரைப்பையிலும் சிறுகுடலின் மேற்பகுதியிலும் உறிஞ்சப்படுவன. இரைப்பை சிறுத்து, குடல்வழி மாறினால் அவை போதிய அளவு உடலிற் சேராமற் போகலாம்.

மூன்றாவது, ஐபுப்ரோஃபன், டைக்குளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் குடல் இணைப்பிற் புண் உண்டாக்கும். குருதி உறையா மருந்தும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். மலம் தார்போல் கறுத்தால் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இவ்வறுவை கூடவே கூடாதென்பதன்று நம் கருத்து. நேற்றுப் பொருந்திய அளவு அறுவைக்குப் பின் பொருந்தாது என்பதே கருத்து. அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் நடத்தும் வார்ஃபரின் மருத்துவப் பிரிவுகள் உள்ளன. மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள மருந்துக் குறிப்பைத் தோட்டத்துப் பெற்றோர் ஆசிரியரிடம் நீட்டும்போது, “இதை அறுவை மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்று கேட்பது ஓர் உயிரைக் காக்கும் கேள்வியாகலாம்.