நாச்சாரத்தில் சாக்கடை பொங்கினால் யாருக்கு போன் போடணும்?

மழை விட்டும் தெருவில் தண்ணீர் வடியலையா? முதலில் அது எந்தத் தண்ணீர்னு பாருங்க.

மேன்ஹோலில் இருந்து பொங்கினால் அது வாட்டர் போர்டு வேலை: 155313. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு என்றால் மாநகராட்சி: 040-21111111.

ஏன் இந்தக் குழப்பம்? உப்பல், காப்ரா உட்பட 12 நகராட்சிகளை இணைத்து 2007-ல் ஜிஎச்எம்சி உருவானது. ஆனால் புறநகர் வட்டங்களின் கழிவுநீர்க் குழாய்கள் 2021-ல்தான் வாட்டர் போர்டு பொறுப்புக்கு வந்தன. அப்போது காப்ரா வட்டத்தில் இருந்த நாச்சாரமும் இதில் அடக்கம். அதனால் பழைய குடித்தனக்காரர்கள் இன்னும் மாநகராட்சியையே கூப்பிடுவாங்க. நேரம்தான் வீணாகும், அதற்குள் கழிவுநீர் வாசல்படி ஏறிவிடும்.

வாடகைக்கு இருந்தாலும் நீங்களே புகார் செய்யலாம். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீங்க. இரண்டு நாளில் ஆள் வரவில்லை என்றால், அதைக் காட்டித்தான் மேலே கேட்க முடியும்.