நீர் சூழாத் தீவுகள்

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும். தொடக்கப் பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும் இலக்கணம் இது. நம் முன்னோர் இன்னும் நுட்பமாகவே பெயரிட்டனர். கடல் நடுவே கிடப்பதைத் தீவு என்றும், ஆற்றின் நடுவே கிடப்பதை அரங்கம், துருத்தி, ஆற்றிடைக்குறை என்றும் வேறுபடுத்தினர். திருவரங்கமும் திருத்துருத்தியும் இவ்வாறு பெயர்பெற்ற ஊர்களே. மலைமுகட்டில் ஒரு தீவு உண்டென்றால் அதனை என்னென்று அழைப்பது? இக்கால உயிர்நூலார் வானத்தீவு என்கின்றனர். கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளுக்கு மேலே முகில் படிந்து நிற்கும் பிரிஞ்சாங் முகடு அத்தகையதொரு தீவாகும்.

இதனை விளங்கிக்கொள்ள, அதே பகாங் மாநிலத்துக்குரிய கடல்தீவு ஒன்றை முதலில் காண்போம். ரொம்பின் மாவட்டத்தைச் சேர்ந்த தியோமான், கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு அப்பால் தென்சீனக் கடலில் உள்ளது. அங்குச் செல்வோர் பெரும்பாலும் பவளப் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். 1,038 மீட்டர் உயர்ந்த காஜாங் மலையும் அதனைப் போர்த்த அடர்காடும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அக்காட்டில் சருகுமான் உண்டு; தேவாங்கு உண்டு; கரிய பேரணிலும் மலைப்பாம்பும் உண்டு. புலி இல்லை, யானை இல்லை, தாப்பிர் என்னும் விலங்கும் இல்லை.

சருகுமான் கடலை நீந்திக் கடந்து வந்ததா? அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் கடுங்குளிர்க் காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. தீபகற்பத்துக்கும் தியோமானுக்கும் இடையே உள்ள ஆழமற்ற கடல் அன்று காடு நிறைந்த தரை. விலங்குகள் நடந்தே சென்றன. பின்னர் உலகம் வெம்மையுற்றுப் பனி உருகவே, கடல் ஏறித் தியோமானைத் துண்டித்தது. பரந்த வேட்டை நிலமும் மேய்ச்சல் நிலமும் வேண்டும் பெருவிலங்குகளுக்குச் சிறு தீவு போதாது. சிற்றுயிர்களே நிலைத்தன. அவற்றுட் சில, உறவினத்தோடு கலக்க வழியின்றித் தனி இனங்களாகவே மாறின. 1999-இல் அறிவியலுலகுக்கு அறிமுகமான கெலி மீன் வகை ஒன்றும், காஜாங் உச்சியை அடுத்த குகையொன்றிற் காணப்பட்டு 2004-இல் பெயரிடப்பெற்ற சிறு தவளை ஒன்றும் தியோமானுக்கே உரியன.

இங்கேதான் நம் மலை வருகிறது. அப் பனியூழியில் மலைக்காடுகளும் இன்றைய எல்லையினும் பல நூறு மீட்டர் கீழே இறங்கியிருந்தன. குளிர் விரும்பும் உயிர்கள் பரந்த பரப்பில் உலவின. வெம்மை ஏறியபோது அக்காடுகள் முகடுகளுக்குப் பின்வாங்கின. இடையிலுள்ள பள்ளத்தாக்குகளை வெப்பக் காடு நிறைத்தது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை கூடும். முகட்டு உயிர்கள் பலவற்றுக்கு அது கடக்கவொண்ணாக் கடல். ஆகவே தியோமானைத் தீவாக்கிய அதே வெம்மைதான் பிரிஞ்சாங்கையும் தீவாக்கியது எனலாம். நீலகிரியின் சீகாரப் பூங்குருவிக்கு உறவான கருநீலப் பூங்குருவி ஒன்றும், மயிலுக்கும் காட்டுக்கோழிக்கும் இடைப்பட்ட தோற்றமுள்ள மலைக்கோழி ஒன்றும் மலேசியத் தீபகற்பத்தின் மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடும் இவ்வாறு உயரங்களில் ஒதுங்கிய உயிரே.

தீவுயிர்கள் அருமையானவை என்பதோடு செய்தி முடியவில்லை. அவை வேலையும் செய்கின்றன. தியோமானின் சிற்றூர்களில் தென்னைகளில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் டுரியான் பூவைக் கெடுப்பதாகப் பலர் கருதினர். ஷீமா அப்துல் அசீஸ் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் மரங்களில் தானியங்கிப் படக்கருவிகளைப் பொருத்தி இரவெல்லாம் கண்காணித்தனர். வௌவால் பூவைச் சிதைக்காமல் தேனை நக்கிச் செல்வதும், அவ்வாறு மகரந்தம் சேர்ப்பதால் காய்ப்பு மிகுவதும் புலனாயின. 2017-இல் இம்முடிவு வெளிவந்தது. திருடனென்று விரட்டப்பட்டவனே தோட்டக்காரன் என்றாயிற்று!

பிரிஞ்சாங் முகட்டுப் பாசிக்காடும் இத்தகைய ஊழியனே. மரக்கிளைகளைப் போர்த்த பாசி, மழையில்லா நாளிலும் முகிலின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்குக் கொடுக்கிறது. 1929-இல் போ தோட்டம் தொடங்கிய நாள்முதல் இச்சரிவுகளில் கொழுந்தெடுத்த தமிழர் குடும்பங்கள் குடித்த நீரும் மலை ஓடைகளின் நீரே. சுங்கை பாலாஸ் தோட்டத்தின் வழியே முகடுவரை சாலை இருத்தலால், ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று இதனைக் காட்டுதல் எளிது. பாசியைப் பறிக்காமற் காட்டுவார்களாக.

கடல்தீவுக்கு அலை எல்லை காட்டுகிறது. வானத்தீவின் எல்லையோ நகரக்கூடியது. இன்றைய உலக வெம்மையால் கீழ்க்காட்டின் வெப்பம் மேலேறுந்தோறும் அத்தீவு சுருங்கும். பிரிஞ்சாங்கின் உயரம் ஏறத்தாழ 2,030 மீட்டர். அதற்குமேல் ஏற இடமில்லை. கீழிருந்து மனிதனும் நெருக்குகிறான். முற்றிய தேயிலைப் புதர் மண்ணை ஒருவாறு மூடிக்காக்கும். காடழித்துச் சரிவை வெட்டிப் போட்ட காய்கறிப் பாத்திகள் அவ்வாறு காப்பதில்லை. பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபூபக்கர் அணையின் ரிங்லெட் ஏரியை அம்மண் தூர்த்துவருகிறது. அள்ள அள்ள மீண்டும் வந்து சேர்வதால், தூர்வாரும் பணி அங்கே ஆண்டுக்கணக்காக நடந்துகொண்டே இருக்கிறது.